கரையில் நிற்கும் கப்பல்: வல்லம் வடகால் விடுதியும் நமது கடைகளும்

நமது சங்க அன்பர் ஒருவர், சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனவர், அங்கிருந்து மூன்று நாள் சொகுசுக் கப்பலிலும் போய் வந்தார். திரும்பி வந்து ஒரு வாரம் கடையில் அதே பேச்சுத்தான். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், நள்ளிரவிலும் சாப்பாடு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, ஒரு வியாபாரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய விஷயம் ஒன்றைச் சொன்னார்: "ரெண்டாயிரம் மூவாயிரம் பேர் இருக்கிற ஊருங்க அது. ஆனா ஒரு கிலோ அரிசி சில்லறையில போகாது. சாப்பாடெல்லாம் டிக்கெட்டோட சேர்த்தி. வீட்ல சீப்பை மறந்துட்டு வந்துட்டாங்க. ஒரு சீப்புக்காக அஞ்சு மாடி ஏறி இறங்கினோம்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். நமக்கு மட்டும் சிரிப்போடு ஒரு யோசனையும் வந்தது. அந்த மாதிரிக் கப்பல் ஒன்று நமது பகுதிக்கே வந்து நங்கூரம் போட்டு நிற்கிறதே, அதை நாம் சரியாகப் பார்த்தோமா என்பதுதான் அது.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் வல்லம் வடகால் சிப்காட்டில் எழுந்திருக்கும் தொழிலாளர் குடியிருப்பைத்தான் சொல்கிறோம். 2024 ஆகஸ்டு 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். பாக்ஸ்கான் நிறுவனத்தின் தலைவர் யங் லியூவும் விழாவுக்கு வந்திருந்தார். 20 ஏக்கர் நிலம், பத்து மாடி கொண்ட 13 கட்டடங்கள், செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். கட்டடம் ஒன்றுக்கு 240 அறை, அறைக்கு ஆறு பேர், ஆக 1,440 பேர். பதின்மூன்றால் பெருக்கினால் 18,720. அத்தனையும் பெண் தொழிலாளர்களுக்கான படுக்கைகள்.

இந்த எண்ணிக்கையின் பெருமையை அறியக் கப்பலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணம் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலில் சுமார் 1,800 பயணிகள் போகலாம். 1990-இல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல் அது. வல்லம் வடகாலில் உள்ள படுக்கைகள் அத்தகைய பத்துக் கப்பலுக்குச் சமம். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற ராட்சதக் கப்பலில், ஏற்றக்கூடிய அதிகபட்சப் பயணிகள் 7,600 பேர், ஊழியர்கள் 2,350 பேர். இரண்டும் சேர்ந்தாலும் பத்தாயிரத்தை எட்டவில்லை. நமது விடுதி அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அளவு மட்டுமன்று, அமைப்பும் அப்படியே. கப்பலில் ஏறும் வழி ஒன்று. உள்ளே போய்விட்டால் உணவு, உறக்கம், விளையாட்டு எல்லாம் உள்ளேதான். விடுதியிலும் அப்படித்தான். கம்பெனி பஸ் விடுதி வாசலில் ஏற்றுகிறது, தொழிற்சாலை வாசலில் இறக்குகிறது. இடையில் நமது கடை வீதி ஜன்னல் வழியாக ஓடி மறைகிறது, அவ்வளவே. முன்பெல்லாம் சுங்குவார்சத்திரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, சிறிய சிலிண்டர் வைத்துப் பொங்கிச் சாப்பிட்டார்கள். மாதம் இருபத்தைந்து கிலோ சிப்பம் ஒன்று, துவரம் பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள் என்று கடையில் பற்று இருந்தது. சம்பளத் தேதியன்று பாக்கி வந்துவிடும். அந்தப் பற்று விடுதிக்குப் போகிறவர்களோடு போய்விடும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் சில அன்பர்களுக்குக் கசக்கிறது. கசந்தாலும் கணக்கு கணக்குத்தான்.

அரிசி எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை. விடுதி முழுதும் நிரம்பி, ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்று நாம் மனக்கணக்காக வைத்துப் பார்த்தால் சுமார் ஏழரை டன். இருபத்தைந்து கிலோ சிப்பமாக 300 சிப்பம், தினந்தோறும். இதைச் சில்லறைக் கடைக்காரர் எவரும் கொடுக்க முடியாது. துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றுகிற வியாபாரிகள் உண்டு. கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரத்திற்குள் பட்டியலில் கண்ட அத்தனையும், சொன்ன தரத்தில், சொன்ன எடையில் போய்ச் சேர வேண்டும். ஒரு மூட்டை குறைந்தாலும் நடுக்கடலில் போய் வாங்க முடியாது. விடுதிச் சமையற்கூடமும் அந்த ஒழுங்கைத்தான் கேட்கும். ஒப்பந்தக்காரர் நமது மாவட்டத்தில் வாங்குவதும், வெளியூர் ஆலையிலிருந்து நேராக இறக்குவதும் அந்த ஒழுங்கு நம்மிடம் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. தனித்தனியே போய் நின்றால் யாருக்கும் கிடைக்காது. மொத்த வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து, ஒருவர் அரிசி, ஒருவர் பருப்பு, ஒருவர் எண்ணெய், ஒருவர் காய்கறி என்று பிரித்துக்கொண்டு ஒரே விலைப் பட்டியலாகக் கொடுத்தால் பேச இடமுண்டு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்த பாக்ஸ்கான் தொழிலாளர்கள் உணவு ஒவ்வாமல் போய், 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஒரே அறையில் ஏராளமானோரை அடைத்து வைத்திருந்ததும், கழிப்பறை வசதி போதாததும், சமையற்கூடத்தின் சீர்கேடும் அப்போது உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தன. ஐபோன் விற்கும் ஆப்பிள் நிறுவனமே அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைக்கும் நிலை ஏற்பட்டது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அவ்வளவு தூரம் போயிற்று.

சமையற்கூடத்துக்குச் சரக்குக் கொடுக்க நினைக்கும் அன்பர்கள் இதை மறக்கலாகாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ கையில் இருக்கட்டும். எந்தச் சிப்பம் எந்த ஆலையிலிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று பில்லோடு காட்டத் தெரிய வேண்டும். கிட்டங்கியில் எலிப்பொறி வைத்தால் போதாது, எலி வராதபடி அடைக்க வேண்டும். வண்டு விழுந்த பயறை வெயிலில் காயவைத்துக் கலந்து தள்ளும் பழைய வித்தை இங்கே செல்லாது. செல்லாதது நல்லதே.

அறைக்குள் எட்டிப் பார்ப்போம்

சில்லறைக் கடைக்காரருக்கு உரிய பகுதி இனித்தான் வருகிறது. கப்பல் ஊழியர்களின் தங்குமிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் சட்டமே உண்டு. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று பெயர். இந்தியா 2015-இல் இதை ஏற்றது. படித்துப் பார்த்தால் நமது தச்சு ஆசாரி எழுதியதுபோல அளவு அளவாக இருக்கிறது. படுக்கை 198 சென்டிமீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது. பயணிகள் கப்பலில் சாதாரண ஊழியர்களின் அறை இருவருக்கென்றால் ஏழரை சதுர மீட்டர், நால்வருக்கென்றால் பதினான்கரை, அதாவது சுமார் 156 சதுர அடி. ஆளுக்கு ஒரு துணி அலமாரி, 475 லிட்டர் கொள்ளளவுக்குக் குறையாமல். அதோடு 56 லிட்டர் கொள்ளும் இழுப்பறை ஒன்று. படுக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குக்கு மேல் போகக் கூடாது, கீழ்ப்படுக்கை தரையிலிருந்து 30 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல்.

இந்த 475 லிட்டரில்தான் நமது வியாபாரம் இருக்கிறது. கடலில் ஆனாலும் கரையில் ஆனாலும், பகிர்ந்து வாழ்கிற அறையில் ஒருவருக்குச் சொந்தமான இடம் ஒரு படுக்கையும் ஒரு அலமாரியும்தான். அதற்குள் அடங்காத பொருளை அவர் வாங்க மாட்டார். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அவரிடம் காட்டிப் பயனில்லை, நூறு மில்லி போதும். சலவைத்தூள் நாலு கிலோ வாளியோடு இலவசம் என்று கம்பெனி ஆள் வந்து தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாளியை வைக்க இடமேது? கொக்கி, துணி கிளிப், கொடிக்கயிறு, சிறு பூட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, மொபைல் சார்ஜர், காதில் மாட்டும் ஒயர், கொசுவத்தி, ஒரு ஆள் போர்வை, குடை. பிறகு ஊறுகாய், பருப்புப்பொடி, மிக்சர், வறுகடலை. பொதுச்சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொதுச்சாப்பாடுதான். நாக்குக்கு ஊர் ருசி கேட்கும். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்ணுக்கும் திருநெல்வேலிப் பெண்ணுக்கும் ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணுக்கும் ஒரே ஊறுகாய் பிடிக்காது. நாலு வகை வையுங்கள், சின்னப் பாக்கெட்டாக.

தலைக்கு மாதம் ஒரு குளியல் சோப் என்றால் 18,720 சோப். வாரம் இரண்டு ஷாம்பு சாஷே என்றால் 37,440. இதில் பத்தில் ஒரு பங்கு வெளியே வந்தால் கூட, சுற்று வட்டாரத்தில் நாலைந்து கடைகளுக்குப் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப், ஷாம்பு, பற்பசை, தலைமுடி எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் அன்பர்கள் அறிந்ததே. குறைந்த விலையை வாடிக்கையாளருக்குக் கொடுக்காமல் பழைய விலையையே வாங்கும் கடையை இந்தப் பெண்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் கையில் இருக்கும் போனில் எல்லா விலையும் வருகிறது.

சானிட்டரி நாப்கின் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. நமது கடைகளில் பலவற்றில் இது இன்னும் உச்சி அலமாரியில், தூசியோடு, ஒரே கம்பெனி ஒரே அளவு என்று கிடக்கிறது. கேட்க வந்த பெண், கூட்டம் கலையட்டும் என்று காத்து நிற்கிறாள். பிறகு கேட்காமலே போய்விடுகிறாள். 2018 ஜூலையிலிருந்து இதற்கு வரியே கிடையாது. பெண்களே தங்கியிருக்கும் ஊரில் இது அரிசிக்கு அடுத்த சரக்கு. கைக்கு எட்டும் உயரத்தில், விலை தெரியும்படி அடுக்குங்கள். கல்லாவில் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஒரகடம் பக்கத்து அன்பர் ஒருவர் தமது மனைவியை மாலை ஐந்திலிருந்து எட்டு வரை கல்லாவில் உட்கார வைத்தார். "அண்ணாச்சி இல்லையா அக்கா, நல்லதாப் போச்சு" என்று ஒரு பெண் சொன்னாளாம். அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஓடுதளமும் இறகுப் பந்தும்

கப்பல் விளம்பரங்களில் உடற்பயிற்சிக் கூடத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். கண்ணாடிச் சுவரோரம் நடைக்கருவி, எதிரே கடல். எம்பிரஸ் கப்பலில் செங்குத்துச் சுவரேறும் விளையாட்டுக்குக் கூட இடமுண்டு. 'குயின் மேரி 2' என்ற கப்பலின் நடைத்தளத்தை மூன்று முறை சுற்றினால் 1.8 கிலோமீட்டர் ஆகிறது. மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது வேண்டியதுதான். ஊழியர்களுக்கும் மேற்சொன்ன உடன்படிக்கையின் வழிகாட்டுதலில் உடற்பயிற்சிச் சாதனங்கள், மேஜை விளையாட்டு, தள விளையாட்டு, நூலகம், முடிந்தால் நீச்சல் என்று எழுதியிருக்கிறது. ஓய்வு நேரமும் தங்குமிடத்தின் ஒரு பகுதி என்பது அதன் கருத்து.

வல்லம் வடகாலிலும் உள்ளரங்க, வெளியரங்க விளையாட்டு வசதிகள் செய்திருக்கிறார்கள். நமது அபிப்பிராயம் வேறு ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் தொழிற்சாலையில் நின்று விட்டு வருகிற பெண்ணுக்கு இன்னும் ஒரு கருவியில் ஏறி நிற்கும் ஆசை இருக்குமா என்பது சந்தேகமே. அவளுக்கு வேண்டியது கால் நீட்ட ஒரு திண்ணை, காற்று, நாலு தோழிகள், ஒரு பந்து. ஞாயிறு மாலையில் நமது பகுதிக் கடைகளில் நின்று பார்த்தால் தெரியும். இறகுப் பந்து மட்டை, பிளாஸ்டிக் இறகுப் பந்து, ஸ்கிப்பிங் கயிறு, கேரம் பவுடர், தாயக்கட்டை. இவற்றைப் பொம்மைக் கடைச் சரக்கு என்று மளிகைக்காரர்கள் ஒதுக்கிவிடுகிறோம். ஒரு டஜன் வாங்கி வாசலில் தொங்கவிட என்ன கேடு? அதோடு, நின்று நின்று கால் வீங்குகிறவர்களுக்குக் காலுறை, மெத்தென்ற செருப்பு, வலித் தைலம். மருந்துக் கடைக்கு மட்டுமே உரியவை என்று இவற்றை விட்டுவிட வேண்டியதில்லை.

கடைக்கு மேல் அறை உள்ளவர்களுக்கு

நமது உறுப்பினர்களில் கணிசமானோருக்குக் கீழே கடை, மேலே வாடகை அறைகள். பெரிய விடுதி வந்ததும் இனி நம் அறைக்கு யார் வருவார் என்ற கவலை நியாயமானதே. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் மூன்றிலும் வேலை செய்கிறவர்களில் அந்த 18,720 ஒரு பகுதிதான். ஆண் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள், விடுதி நேரம் ஒத்துவராதவர்கள் இருக்கிறார்கள். மாறியது என்னவென்றால், ஒப்பிட்டுப் பார்க்க இப்போது ஒரு அளவுகோல் வந்துவிட்டது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், தளத்துக்கு ஒரு கழிப்பறை, மாலையில் தண்ணீர் இல்லை என்று வாடகை வாங்கிய காலம் முடிகிறது. கப்பல் சட்டத்தின் படுக்கை அளவைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அறையை ஒருமுறை அளந்து பாருங்கள். நாமும் அளந்தோம். நான்கு கட்டில் போட்டிருந்த அறையில் இரண்டைத்தான் நியாயமாகப் போட முடிந்தது. ஒன்றை எடுத்துவிட்டோம். இன்னொன்றை எடுக்க மனம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

பெண்களுக்கு விடுதியாக நடத்துகிறவர்கள் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். உறவுக்காரப் பெண்கள் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லித் தப்புவது ஆபத்து. வரி விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. பணிபுரியும் பெண்கள் விடுதிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2024 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு ஜி.எஸ்.டி. கவுன்சிலும், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் தங்கினால் விலக்கு என்று முடிவு செய்து, 2024 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. நமது பகுதி அறைகள் எல்லாம் அந்தத் தொகைக்கு வெகு கீழே. தங்குகிறவர் எந்தத் தேதியில் வந்தார் என்பதைப் பதிவேட்டில் எழுதி வைத்தால் போதும்.

எவ்வளவு துணிந்து முதல் போடலாம் என்று கேட்கும் அன்பர்களுக்கு நோக்கியாவை நினைவூட்டுகிறோம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. உச்சத்தில் எண்ணாயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதை நம்பி உதிரிபாகம் செய்த கம்பெனிகளும் அடுத்தடுத்துக் கதவடைத்தன. அந்தத் தீபாவளிக்கு வாங்கிய சரக்கு பொங்கல் தாண்டியும் அலமாரியில் இருந்தது. கடன் நோட்டில் இருந்த பெயர்கள் ஊருக்குப் போய்விட்டன. சிலர் மட்டும் மணியார்டர் போல நமது பாக்கியை அனுப்பிவைத்தார்கள், இதை எப்போதும் சொல்வோம். கப்பல் என்றால் ஒருநாள் நங்கூரம் எடுக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வியாபாரம் செய்ய வேண்டும். வாடகைக்குப் புதுக்கடை எடுக்கிறவர்கள் முன்பணத்தை ஒரே கம்பெனியின் பெயரை நம்பி அள்ளிக் கொடுக்காதீர்கள். சரக்கைச் சிறு சிறு தொகையாகச் சுழற்றுங்கள். கடன் கொடுப்பதானால் ஒரு சம்பளத் தேதியைத் தாண்டவிடாதீர்கள்.

முதல் காரியமாக, பஸ் நிற்கும் இடத்தையும் ஷிப்ட் மாறும் நேரத்தையும் ஒரு வாரம் நின்று குறித்துக்கொள்ளுங்கள். நமது கடைகள் காலை ஒன்பதுக்குத் திறந்து மதியம் சாப்பாட்டுக்கு அரைக்கதவு போடும் வழக்கம் கொண்டவை. விடுதிப் பெண்கள் வெளியே வருவது பெரும்பாலும் வார விடுமுறையிலும், ஷிப்ட் முடிந்த பிற்பகலிலும். நாம் அரைக்கதவு போட்டுத் தூங்குகிற அதே நேரம். மொத்தச் சரக்கு பற்றிப் பேச முன்வரும் அன்பர்கள், தங்கள் பெயரையும் எந்தச் சரக்கு, நாளொன்றுக்கு எத்தனை சிப்பம் கொடுக்க முடியும் என்பதையும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், ஒரே பட்டியலாக்கி எடுத்துப் போவோம்.